புரோட்டான் எங்கே போய் நிற்கிறது? அத்தை கேட்ட கேள்விக்கு ஒரு நீண்ட பதில்

மாமாவுக்கு மண்டையோட்டின் அடிப்பகுதியில், மூக்குக்கும் மூளைக்கும் நடுவே ஒரு கட்டி இருப்பது தெரிந்து, புரோட்டான் சிகிச்சை கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று இரவே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு விஞ்ஞானி ஆகிவிட்டார்கள். "லேசர் மாதிரிதான், கட்டியை மட்டும் சுட்டுடும்" என்றார் ஒரு சித்தப்பா. "இது ரேடியேஷனே இல்ல, சைடு எஃபெக்டே கிடையாது" என்று எங்கிருந்தோ வந்ததை இன்னொருவர் தட்டிவிட்டார். குழுவில் அத்தை வாயே திறக்கவில்லை. மறுநாள் மருத்துவமனையில் திட்டத்தை விளக்க வந்த மெடிக்கல் பிசிசிஸ்டிடம்தான் கேட்டார்: "ஏன் தம்பி, அது கட்டிக்குள்ளயே நின்னுடும்னு சொல்றீங்களே, நின்னுச்சான்னு எப்படிப் பாப்பீங்க?"

அவர் கையிலிருந்த ஃபைலை மூடி வைத்துவிட்டார். "அம்மா, இந்தத் துறையில இருக்கறவங்க முப்பது வருஷமா மண்டைய உடைச்சுக்கற கேள்வி இது" என்றார்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. எனக்குத் தெரிந்தவரை தமிழில் புரோட்டான் சிகிச்சையைப் பற்றி வருவதெல்லாம் "துல்லியம், துல்லியம்" என்பதோடு முடிந்துவிடுகிறது. துல்லியம் உண்மைதான். ஆனால் அதைச் சரிபார்ப்பது தனி வேலை, அந்த வேலையைச் செய்வது ஸ்கேன் படங்கள்.

ரேடியேஷன்தான், வேறு வகை

வழக்கமான கதிர்சிகிச்சையில் பயன்படுத்துவது எக்ஸ்ரே. நெஞ்சுக்கு எடுக்கும் அதே சங்கதிதான், ஆற்றல் பல மடங்கு அதிகம். எக்ஸ்ரே என்பது ஒரு வகை ஒளி. டார்ச் விளக்கை உள்ளங்கையில் அழுத்தி வைத்தால் மறுபக்கம் சிவப்பாகத் தெரிகிறதே, அதுபோல இந்த ஒளியும் உடம்புக்குள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, மிச்சம் மறுபக்கமாக வெளியேறுகிறது. கட்டிக்கு முன்னால் இருப்பதற்கும் அடி, பின்னால் இருப்பதற்கும் அடி.

புரோட்டான் ஒளி இல்லை, துகள். ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது புரோட்டான். அதை சைக்ளோட்ரான் போன்ற ஒரு பெரிய இயந்திரத்தில் சுற்றவிட்டு, ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் வரை முடுக்கி, மெல்லிய கற்றையாக உடம்புக்குள் அனுப்புகிறார்கள். உள்ளே போய் அது செய்வதும் எக்ஸ்ரே செய்வதையேதான், அதாவது செல்லின் டி.என்.ஏ.வை உடைப்பது. ஆகவே ரேடியேஷன் இல்லை என்பது தவறு. கதிர் நுழையும் இடத்தில் தோல் சிவக்கலாம், முடி கொட்டலாம், அசதி வரலாம். அது எங்கே எவ்வளவு அடிக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

நோட்டீஸ் வீசும் ஆட்டோ

தேர்தல் சமயத்தில் நோட்டீஸ் வீசிக்கொண்டே போகும் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். மெயின் ரோட்டில் வேகமாகப் போகும்போது ஒரு வீட்டு வாசலுக்கு ஒன்றோ இரண்டோ விழும், சந்துக்குள் திரும்பி வேகம் குறையக் குறைய வாசலுக்குப் பத்து இருபது என்று விழும், கடைசியில் தெருமுனையில் வண்டி நின்றதும் மிச்சக் கட்டு மொத்தமும் அங்கேயே கொட்டப்படும். அதற்கு அடுத்த வீட்டுக்கு ஒரு நோட்டீஸும் கிடையாது.

புரோட்டானும் இப்படித்தான். அதற்கு மின்னேற்றம் உண்டு. போகிற வழியில் இருக்கிற எலக்ட்ரான்களை எல்லாம் இழுத்து அசைத்துக்கொண்டே போகிறது, ஒவ்வொரு அசைப்பிலும் தன் ஆற்றலில் கொஞ்சத்தை விட்டுவிடுகிறது. வேகமாகப் போகும்போது ஒவ்வோர் எலக்ட்ரான் பக்கத்திலும் இருக்கும் நேரம் குறைவு, விடும் ஆற்றலும் குறைவு. மெதுவாகும்போது நேரம் கூடுகிறது, இழப்பும் கூடுகிறது. இழப்பு கூடினால் இன்னும் மெதுவாகிறது. இந்தச் சுழலில் சிக்கி, கடைசிச் சில மில்லிமீட்டருக்குள் மிச்சமிருக்கும் ஆற்றலை மொத்தமாகக் கொட்டிவிட்டு நின்றுவிடுகிறது. இந்தக் கடைசிக் கொட்டலுக்குப் பெயர் பிராக் உச்சம். 1904 வாக்கில் வில்லியம் ஹென்றி பிராக் இதை ஆல்ஃபா துகள்களில் கண்டார், அவர் பெயரே நிலைத்துவிட்டது.

எவ்வளவு ஆழத்தில் நிற்கும் என்பதை அனுப்பும் ஆற்றல் தீர்மானிக்கிறது. அந்த ஆழத்துக்கு ரேஞ்ச் என்று பெயர். ஆற்றலை மெகா எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் அளக்கிறார்கள். தண்ணீரில் 70 என்றால் சுமார் 4 சென்டிமீட்டர், 150 என்றால் சுமார் 16, 230 என்றால் சுமார் 33. நம் உடம்பு பெரும்பாலும் தண்ணீர்தானே, கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. கட்டி ஒரு புள்ளி அல்ல, அதற்கு ஒரு கனம் உண்டு என்பதால் பல ஆற்றல்களில், ஒவ்வோர் அடுக்காகப் பெயின்ட் அடிப்பதுபோல அனுப்புவார்கள். அத்தனை அடுக்குகளுக்கும் போகும் புரோட்டான்கள் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன என்பதால் முன்பக்கத்தில் விழும் அடி மொத்தத்தில் ஒன்றும் அற்பமானது அல்ல. "கட்டியை மட்டும்" என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது. உண்மையான லாபம் பின்பக்கத்தில்.

இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946-இல் எழுதியவர் ராபர்ட் வில்சன், அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்த இயற்பியலாளர். 1954-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: புரோட்டானும் ரேடியேஷன். போகிற வழியில் கொஞ்சம், நிற்கிற இடத்தில் நிறைய, அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒன்றுமில்லை. நிற்கிற ஆழத்தை ஆற்றலை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம்.

நிற்பதுதான் சிக்கல்

முன்பெல்லாம் பதிவுத் தபால் அனுப்பினால் ஒப்புகை அட்டை ஒன்று கையெழுத்தோடு திரும்பி வரும். எக்ஸ்ரே சிகிச்சையில் அந்த வசதி இயல்பாகவே இருக்கிறது. கதிர் மறுபக்கமாக வெளியே வருவதால் அங்கே ஒரு பலகையை வைத்துப் படம் பிடித்தால், அது எந்த வழியாகப் போனது, எலும்பு எங்கே இருந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

புரோட்டான் உள்ளேயே நின்றுவிடுகிறது. வெளியே வந்து சாட்சி சொல்ல ஆள் இல்லை. அதன் பெருமையும் அதுதான், வில்லங்கமும் அதுதான். அத்தை ஒரே கேள்வியில் பிடித்தது இதைத்தான்.

எக்ஸ்ரே கற்றையின் பாதையில் இருக்கும் திசுவைப் பற்றிய கணக்கு லேசாகத் தவறினால் கதிரின் அளவில் ஒன்றிரண்டு சதவீதம் கூடும், குறையும். புரோட்டானில் அதே தவறு, நிற்கும் இடத்தையே நகர்த்திவிடும். ஐந்து மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றால் கட்டியின் பின்விளிம்புக்கு ஒன்றுமே போகாது. ஐந்து மில்லிமீட்டர் தாண்டிப் போனால் அந்தக் கடைசிக் கொட்டல், பின்னால் இருக்கும் மூளைத்தண்டிலோ பார்வை நரம்பிலோ விழும்.

கேரம் போர்டும் பவுடரும்

ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிறீர்கள். அது எங்கே போய் நிற்கும் என்பது உங்கள் விரலை மட்டும் பொறுத்ததா? போர்டில் பவுடர் எவ்வளவு, எங்கே திட்டாக இருக்கிறது, எங்கே ஈரம் பட்டிருக்கிறது என்பதையும் பொறுத்தது. விரலை, அதாவது இயந்திரம் தரும் ஆற்றலை, மிகத் துல்லியமாக அமைத்துவிடுகிறார்கள், அங்கே பிரச்சினை இல்லை. பிரச்சினை போர்டில், அதாவது உடம்பில்.

உடம்பை அறிந்துகொள்ளச் சிகிச்சைக்கு முன் ஒரு சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். சுற்றிச் சுற்றி எடுத்த எக்ஸ்ரேக்களைக் கொண்டு உடம்பின் குறுக்குவெட்டுப் படங்களைக் கணினி கட்டி எழுப்புவதுதான் சி.டி. அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, எலும்புக்கு நூற்றுக்கணக்கில். சி.டி.யை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் இதை ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் என்கிறார்கள். அது எக்ஸ்ரே எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் எண். புரோட்டான் எவ்வளவு தடுக்கப்படும் என்பது வேறு விஷயம். ஒன்றை மற்றொன்றாக மாற்ற ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள், லாரி போக எத்தனை நிமிடம் ஆனது என்று கேட்டுவிட்டு சைக்கிளுக்கு எத்தனை ஆகும் என்று கணக்குப் போடுவதுபோல. பெரும்பாலும் சரியாக வரும், முழுக்கச் சரியாக வராது. பல்லில் உலோகம் அடைத்திருந்தால் படத்திலேயே கோடு கோடாக விழுந்து எண்கள் கெட்டுப்போகும். இரண்டு வெவ்வேறு ஆற்றலில் சி.டி. எடுத்தால் இந்தப் பிழையைக் குறைக்கலாம், சில இடங்களில் அப்படியும் செய்கிறார்கள்.

இரண்டாவது சிக்கல், உடம்பு அப்படியே இருப்பதில்லை. சிகிச்சை ஒரே நாளில் முடிவதில்லை, ஐந்து ஆறு வாரம்கூட நடக்கும். அதற்குள் ஆள் மெலியலாம், கட்டி சுருங்கலாம், குடலில் வாயு இடம் மாறலாம். மூக்குப் பக்கத்துக் கட்டி என்றால் சளிகூடப் பிரச்சினை. காற்று நிறைந்த பொந்தில் புரோட்டான் கிட்டத்தட்டத் தடையே இல்லாமல் பறக்கும். அதே பொந்து சளியால் நிறைந்துவிட்டால் அது தண்ணீர்ச் சுவர். இரண்டு சென்டிமீட்டர் காற்று இருந்த இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் சளி வந்தால், அந்த வழியாகப் போகிற புரோட்டான் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும்.

அந்தச் சில மில்லிமீட்டருக்கு என்ன விலை

நிச்சயமில்லாத இடத்தில் என்ன செய்வோம்? கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்வோம். பல மையங்கள் ரேஞ்சில் 3.5 சதவீதத்தையும் அதற்கு மேல் 1 முதல் 3 மில்லிமீட்டரையும் தவறுக்கான இடமாக ஒதுக்கி வைத்திருக்கின்றன. 15 சென்டிமீட்டர் ஆழத்துக் கட்டிக்கு இது 6 முதல் 8 மில்லிமீட்டர். அவ்வளவு அகலத்துக்கு, கட்டிக்குப் பின்னால் இருக்கும் நல்ல திசுவுக்கும் தெரிந்தே அடி கொடுக்கிறார்கள்.

இன்னொரு விலையும் உண்டு, அது வெளியே தெரிவதில்லை. புராஸ்டேட் சுரப்பிக்குப் பின்னால் ஒட்டினாற்போல் மலக்குடல் இருக்கிறது. முன்பக்கமிருந்து கதிர் விட்டால் வழி குறுகலாக இருக்கும், மலக்குடலின் வாசலில் போய் நின்றுவிடும், புரோட்டானின் பெருமைக்கு இதைவிட நல்ல இடம் ஏது? ஆனால் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. இரண்டு இடுப்புப் பக்கத்திலிருந்தும், கனமான இடுப்பெலும்பைத் துளைத்துக்கொண்டு நீண்ட வழியாகப் போகிறார்கள். காரணம், நிற்கும் இடத்தின் மேல் அந்த அளவுக்கு நம்பிக்கை இல்லை. கற்றையின் பக்க ஓரம் கொஞ்சம் மங்கலானதுதான், ஆனால் எங்கே இருக்கிறது என்பது நிச்சயமாகத் தெரியும், அதை மலக்குடல் பக்கம் வைப்பது பத்திரம். பல கோடி போட்டு வாங்கிய இயந்திரத்தின் மிகப்பெரிய சிறப்பை, சரிபார்க்க வழியில்லை என்பதால் பாதி பயன்படுத்தாமல் வைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. சரிபார்க்கும் படங்களுக்காக இவ்வளவு பாடுபடுவதும் இதனால்தான்.

சுருக்கமாக: இயந்திரம் துல்லியம், உடம்பைப் பற்றிய நம் அறிவு அவ்வளவு துல்லியம் இல்லை, உடம்பும் தினம் மாறுகிறது. அதனால் சில மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்கிறோம். அந்த மில்லிமீட்டர்களை மீட்க வேண்டுமென்றால் ஒப்புகை அட்டை வேண்டும்.

கதிர் விடும் முன் எடுக்கும் படங்கள்

முதலில் எல்லா இடத்திலும் அன்றாடம் நடப்பதைப் பார்த்துவிடலாம். மாமாவுக்கு முதல் நாள் மாஸ்க் செய்தார்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீர்த் தொட்டியில் போட்டு, அது தளதளவென்று ஆனதும் எடுத்து உதறி, படுத்திருப்பவர் முகத்தில் வைத்து இரண்டு பேர் இருபக்கமும் இழுத்து மேஜையில் பூட்டிவிடுகிறார்கள். சில நிமிடங்களில் முகத்தின் அச்சாக இறுகிவிடுகிறது. "இட்லித் துணிய சூடா மூஞ்சில போட்ட மாதிரி இருந்துச்சு" என்றார் மாமா. அந்த மாஸ்க்கோடு எடுத்த சி.டி.யை வைத்துத்தான் முழுத் திட்டமும்.

அப்புறம் தினமும் அதே மாஸ்க்கில் அதே மேஜையில் படுக்க வேண்டும். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளிலிருந்து இரண்டு எக்ஸ்ரே எடுத்து, அதில் தெரியும் எலும்பைத் திட்டப் படத்தில் இருக்கும் எலும்பின் மேல் கணினியில் பொருத்திப் பார்க்கிறார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் இடப்பக்கம், அரை டிகிரி சாய்வு என்று வித்தியாசம் வந்தால் மேஜையே அந்த அளவுக்குத் தானாக நகர்கிறது. வெளியே மானிட்டரில் பார்த்தால் ஆள் நகர்வது கண்ணுக்கே தெரியாது. சில மையங்களில் எக்ஸ்ரே குழாயையே சுற்றவிட்டு, மேஜையில் வைத்தே ஒரு சிறு சி.டி. போல எடுத்துவிடுகிறார்கள். கதிர் பாயும் நேரத்தைவிட இந்தச் சரிபார்ப்புக்குத்தான் அதிக நேரம் ஆகிறது.

இது கற்றையின் வாசலைச் சரிபார்க்கிறது. உள்ளே போய் எங்கே நின்றது என்பதை இது சொல்லாது. அதற்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் முழு சி.டி. எடுத்து, பழைய திட்டத்தைப் புதிய உடம்பின் மேல் ஓட்டிப் பார்க்கிறார்கள். இதை ரிப்பீட் சி.டி. என்பார்கள். கணக்கு மாறியிருந்தால் திட்டத்தையும் மாற்றுவார்கள். நல்ல முறைதான், ஆனாலும் இதுவும் கணக்குதான், சாட்சி இல்லை.

தீபாவளி மறுநாள் காலை: பெட் ஸ்கேன்

எங்கெங்கே சரவெடி வெடித்தார்கள் என்று தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் நடந்தால் தெரியும், காகிதம் குவிந்து கிடக்கும். புரோட்டானும் போன வழியில் காகிதம் போட்டுவிட்டுத்தான் போகிறது.

நம் உடம்பில் கார்பனும் ஆக்சிஜனும் ஏராளம். புரோட்டான் போகிற வழியில் அபூர்வமாக ஒரு கார்பன் அணுக்கருவில் நேராக மோதி, அதிலிருந்து ஒரு நியூட்ரானைத் தட்டிவிடும். அது கார்பன்-11 ஆகிவிடும். ஆக்சிஜனில் அப்படி நடந்தால் ஆக்சிஜன்-15. இவை நிலையற்றவை, கொஞ்ச நேரத்தில் பாசிட்ரான் என்ற துகளை வெளிவிடும். பாசிட்ரான் என்பது எலக்ட்ரானின் எதிர்ப்பிறவி, இரண்டும் சந்தித்தால் இரண்டுமே அழிந்து, நேரெதிர்த் திசைகளில் இரண்டு காமா கதிர்கள் பறக்கும். காமா கதிர் என்பது எக்ஸ்ரே போன்ற, ஆனால் அணுவின் உள்விவகாரங்களிலிருந்து பிறக்கும் ஒளி. சுற்றிலும் கருவிகளை வைத்து இந்த இரட்டைக் கதிர்களைப் பிடித்தால் அவை பிறந்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம். இதுதான் பெட் ஸ்கேன்.

புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் பெட் ஸ்கேனில் கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். இங்கே ஊசியே வேண்டாம், புரோட்டான் உடம்புக்குள்ளேயே தயாரித்துவிட்டது! இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். அளவு மிகக் குறைவு, சீக்கிரம் அடங்கிவிடும். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர் பேரக்குழந்தையைத் தூக்கலாமா என்று எங்கள் குழுவில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. தாராளமாகத் தூக்கலாம்.

ஆனால் இந்தக் காகிதம் நிலையாகக் கிடப்பதில்லை. ஆக்சிஜன்-15 இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. பத்து நிமிடத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிச்சம். கார்பன்-11 பாதியாக 20 நிமிடம் ஆகும். அமெரிக்காவின் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இதைச் சோதித்தபோது நோயாளிகள் கதிர் அறையிலிருந்து எழுந்து வேறு ஓர் அறையில் இருந்த பெட் ஸ்கேனருக்குப் போனார்கள், போய்ச் சேர்வதற்குள் ஆக்சிஜனின் சாட்சி பெரும்பாலும் கரைந்துவிடும். ரத்த ஓட்டம் வேறு இந்த அணுக்களை அடித்துக்கொண்டு போய்விடும், தெருவில் காற்றடித்துக் காகிதம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவது மாதிரி. ஸ்கேனரையே கதிர் மேஜையைச் சுற்றி அமைப்பது இதற்கு ஒரு வழி. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரின் ஜி.எஸ்.ஐ. ஆய்வுக்கூடத்தில் 1997 முதல் 2008 வரை சுமார் 440 நோயாளிகளுக்குக் கார்பன் அணுக்கருக்களால் சிகிச்சை கொடுத்தபோது இப்படித்தான் செய்தார்கள். அது புரோட்டான் அல்ல, அதன் பெரியண்ணன், ஆனால் கொள்கை ஒன்றே. இத்தாலியின் பாவியாவில் இருக்கும் மையத்திலும் கதிர் பாயும்போதே பார்க்கும் பெட் கருவியை நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள்.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, இதைச் சொல்லாமல் விட்டால் தவறான எண்ணம் வந்துவிடும். நியூட்ரானைத் தட்டிவிட ஓரளவு வேகம் வேண்டும். புரோட்டான் நிற்கப் போகும் கடைசிச் சில மில்லிமீட்டரில் அந்த வேகம் இருக்காது. எங்கே நின்றது என்று தெரிய வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில் காகிதமே இல்லை! அதனால் படத்தைப் பார்த்து "இதோ நின்றுவிட்டது" என்று நேரடியாகச் சொல்ல முடியாது. திட்டப்படி எல்லாம் நடந்திருந்தால் பெட் படம் எப்படி வந்திருக்க வேண்டும் என்று கணினியில் லட்சக்கணக்கான புரோட்டான்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒரு படத்தைத் தயாரிக்கிறார்கள். அதையும் உண்மைப் படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் திட்டமும் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

வெடிக்கும்போதே பார்ப்பது: உடனடிக் காமா

மறுநாள் காகிதம் பொறுக்குவதைவிட, வெடிக்கும் நொடியில் தெரியும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால்?

புரோட்டான் ஓர் அணுக்கருவை உடைக்காமல் வெறுமனே அதிரவைத்துவிட்டும் போகலாம். அதிர்ந்த கரு அடங்கும்போது ஒரு காமா கதிரை வெளியே தள்ளுகிறது. இதற்கு நிமிடக் கணக்கெல்லாம் இல்லை, ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். உடனே வருவதால் உடனடிக் காமா. ரத்தம் அடித்துக்கொண்டு போக நேரமே இல்லை. பெட்டைவிட இது, புரோட்டான் நிற்கும் இடத்துக்கு இன்னும் அருகில் வரை தொடர்ந்து பிறக்கிறது. கார்பனிலிருந்து வருவது 4.44 மெகா எலக்ட்ரான் வோல்ட், ஆக்சிஜனிலிருந்து வருவது 6.13 என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குரலும் உண்டு.

அப்படியானால் ஏன் எல்லா இடத்திலும் இது இல்லை? இவ்வளவு ஆற்றலுள்ள காமாவை எந்தக் கண்ணாடி வில்லையும் வளைக்காது. ஓட்டுக் கூரையில் ஒரு சின்ன ஓட்டை வழியாக வெயில் விழுந்தால் எதிர்ச்சுவரில் வெளி உலகம் தலைகீழாகத் தெரியுமே, அந்த வித்தையைத்தான் பயன்படுத்தினார்கள். கனமான டங்ஸ்டன் பாளத்தில் கத்தி முனைபோலச் சீவிய ஒரு பிளவு, அதற்குப் பின்னால் காமாவை எண்ணும் கருவிகளின் வரிசை. பிளவு வழியாக வரும் காமாக்கள் புரோட்டானின் பாதையைத் தலைகீழாக வரிசையில் பதிக்கின்றன. வரிசையில் எங்கே திடீரென்று எண்ணிக்கை விழுகிறதோ, அதை வைத்து நின்ற இடத்தைக் கணக்கிடலாம்.

2015-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஆன்கோரே மையத்தில் தலை, கழுத்துக் கட்டி இருந்த ஒரு நோயாளியின் சிகிச்சையின்போது இப்படி ஒரு கேமராவை அருகில் வைத்துப் பார்த்தார்கள். மனிதருக்குச் சிகிச்சை நடக்கும்போது இந்த முறையைப் பயன்படுத்தியது அதுவே முதல்முறை. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையே ரேஞ்ச் மொத்தமாக எவ்வளவு மாறுகிறது என்பதை அதில் கண்காணித்தார்கள், மாற்றம் 2 மில்லிமீட்டருக்குள்தான் இருந்தது. பிறகு அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் மூளைக்கட்டி நோயாளியிடம் இதுபோன்ற கேமராவைப் பயன்படுத்தினார்கள். தடைகள் இன்னும் இருக்கின்றன. புரோட்டான் கிளப்பும் நியூட்ரான்கள் கருவியில் விழுந்து தேவையில்லாத இரைச்சலைக் கூட்டுகின்றன, ஒரு புள்ளிக்குக் கதிர் பாயும் கண நேரத்தில் கிடைக்கும் காமாக்களும் கொஞ்சம்தான், பக்கத்துப் புள்ளிகளையும் சேர்த்துக் கூட்டினால்தான் நம்பத்தக்க எண் வரும். கேமராவும் கனமானது, படுத்திருப்பவருக்கும் சுழலும் கதிர்க்குழாய்க்கும் நடுவே இதை நுழைப்பது பெரிய பாடு.

திரும்பிப் பார்த்தால், பெட் என்பது பிறகு படிக்கும் தடயம், உடனடிக் காமா என்பது அப்போதே கேட்கும் குரல். இரண்டுமே புரோட்டானை நேராகக் காட்டுவதில்லை, அது அணுக்கருக்களோடு மோதியதன் விளைவைக் காட்டுகின்றன.

இன்னும் சில சாட்சிகள்

எம்.ஆர்.ஐ. சொல்வது தாமதமான சாட்சி, ஆனால் எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. முதுகெலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்வது. போதிய கதிர் பட்டால் அந்த மஜ்ஜை அழிந்து அந்த இடத்தில் கொழுப்பு வந்து நிரம்பிவிடும். எம்.ஆர்.ஐ. படத்தில் கொழுப்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ஆகவே சிகிச்சை முடிந்து நாள் சென்றபின் எடுக்கும் படத்தில் ஒரே முதுகெலும்புக்குள் ஒரு பாதி வெள்ளை, மறு பாதி மங்கல், நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஓர் எல்லை. புரோட்டான் நின்ற இடத்தில் உடம்பே போட்டுவைத்த கோடு அது. பாஸ்டனில் இதை அளந்தவர்கள், சராசரியாக 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கதிர் திட்டத்தைத் தாண்டிப் போயிருப்பதைக் கண்டார்கள். அந்த நோயாளிக்கு அது தெரிந்து இனி ஆவதொன்றும் இல்லை, ஆனால் அடுத்து வருபவருக்கான கணக்கைத் திருத்தலாம்.

ஒலியும் ஒரு சாட்சி. புரோட்டான் நிற்கும் இடத்தில் ஒரு டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சூடு ஏறுகிறது, அந்தச் சூட்டில் திசு விரிவதால் ஒரு மெல்லிய ஒலி அலை கிளம்புகிறது. 1995-இல் ஜப்பானின் சுகுபாவில் கல்லீரல் புற்றுநோயாளி ஒருவரின் உடம்பிலிருந்து வந்த அந்த ஒலியைப் பதிவு செய்து காட்டினார்கள். காதில் கேட்கும் அளவில் இல்லை, சொல்லப்போனால் கருவிக்கே கேட்பது சிரமம். அப்புறம், எக்ஸ்ரேக்குப் பதில் புரோட்டானையே கொண்டு சி.டி. எடுப்பது. ஆற்றலைக் கூட்டித் தலையைத் துளைத்து மறுபக்கம் வரவிட்டு, வரும்போது எவ்வளவு ஆற்றல் மிச்சமிருக்கிறது என்று அளந்தால், லாரி நேரத்தை சைக்கிளுக்கு மாற்றும் வேலையே இல்லை. தலைக்கு இது சாத்தியம், பெரிய உடம்பின் இடுப்புக்கு இன்றைய மருத்துவமனை இயந்திரங்களின் ஆற்றல் பற்றாது.

மருத்துவமனையில் என்ன கேட்கலாம்

இந்தியாவில் சென்னை தரமணியில் அப்போலோ புரோட்டான் மையம் 2019-இல் திறக்கப்பட்டது, நவி மும்பையின் கார்கரில் டாடா நினைவு மையம் 2023-இல் புரோட்டான் சிகிச்சையைத் தொடங்கியது. உலகில் எங்கே போனாலும் தினசரி எக்ஸ்ரே அல்லது மேஜை மேல் சி.டி., இடையிடையே ரிப்பீட் சி.டி., இவை அன்றாடப் பழக்கம். பெட்டும் உடனடிக் காமாவும் இன்னும் விரல்விட்டு எண்ணக்கூடிய மையங்களில் ஆராய்ச்சியாகவே நடக்கின்றன. அதனால் சிகிச்சை குருட்டுத்தனமாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரேஞ்ச் 3.5 சதவீதம் கூடினால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும், ஆள் 3 மில்லிமீட்டர் நகர்ந்து படுத்தால் என்ன ஆகும் என்று எல்லா மோசமான நிலைகளையும் கணினியில் ஓட்டிப் பார்த்து, எதிலும் கட்டிக்கு அளவு குறையாத, நரம்புக்கு அளவு மீறாத திட்டத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

யாராவது உறவினருக்குப் புரோட்டான் சிகிச்சை என்றால், "எத்தனை மில்லிமீட்டர் துல்லியம்?" என்பதைவிட, "ரிப்பீட் சி.டி. எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பீர்கள், எது மாறினால் திட்டத்தை மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். எடை குறைந்தாலோ, மாஸ்க் தொளதொளவென்று ஆனாலோ, மூக்கடைத்தாலோ நாமாகவே சொல்லிவிட வேண்டும், "சளிதானே" என்று விட்டுவிடக் கூடாது.

மாமாவுக்கு மூன்றாவது வாரம் மூக்கடைப்பு. அவர் சொல்லியிருக்கவே மாட்டார், அத்தைதான் காலையிலேயே போய், "தம்பி, இவருக்கு ராத்திரி பூரா மூக்கு அடைச்சிருந்துச்சு, நீங்க சொன்ன அந்தக் காத்து இருக்கற இடம் எல்லாம் இப்ப ரொம்பிருக்குமே" என்றிருக்கிறார். அன்றே சி.டி. எடுத்தார்கள். இடப்பக்கத்துப் பொந்து பாதி வெள்ளையாக இருந்தது. இரண்டு நாள் கழித்துப் புதுத் திட்டத்தோடு மாமா மறுபடி அந்த மேஜையில் படுத்தார்.